செத்தவர் கூடாரம்

தளபதி செத்துப்போனபோது அவர் கையில் பாதி குடித்த தேநீர் இருந்தது.

மஞ்சள் கைப்பட்டை கட்டிய நடுவர் ஒருவர் கட்டளைக் கூடாரத்துக்குள் நுழைந்தார். வரைபட மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, மிகவும் மரியாதையாக, "சார், உங்க மேல குண்டு விழுந்துடுச்சு. கையை நீட்டுங்க," என்றார். நீட்டிய கையில் ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டார். காரியம் முடிந்தது.

"டீயைக் குடிச்சிட்டு வரலாமா?" என்று கேட்டார் தளபதி.

"அங்கயும் டீ இருக்கு சார். வாங்க."

பதற வேண்டாம். இது போர் அல்ல, பரீட்சை. ஒரு படைப்பிரிவை உண்மையான எல்லைக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று பார்ப்பதற்கு வைக்கிற பரீட்சை. நீலத் துணி கட்டிய இன்னொரு படைப்பிரிவு எதிரியாக நடிக்கும். துப்பாக்கியில் வெற்றுத் தோட்டாதான். யார் செத்தார், எந்தப் பாலம் உடைந்தது என்பதையெல்லாம் நடுவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொன்னால் சொன்னதுதான். கையில் வெள்ளைத் துணி ஏறிவிட்டால் அன்றைக்கு முழுவதும் யாருக்கும் எந்த உத்தரவும் கொடுக்கக் கூடாது. செத்தவர் கூடாரத்தில் போய் உட்கார வேண்டியதுதான்.

இந்தத் தளபதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிப்பாய்கள் அவரைப் பெரியவர் என்பார்கள், முதுகுக்குப் பின்னால். நேரில் 'சரிங்க சார்' என்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல மனுஷன். எந்தச் சிப்பாயின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், எவனுக்கு பூட்ஸ் கடிக்கிறது என்பதுவரை தெரிந்துவைத்திருப்பார். எல்லாருக்கும் முன்னால் எழுந்து எல்லாருக்கும் பின்னால் படுப்பார். ஆனால் அவருக்கு ஒரு வியாதி. எதுவானாலும் அவர் சொல்லித்தான் நடக்க வேண்டும். சமையல் கூடாரத்தின் வாசல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதும் அவர்தான் சொல்ல வேண்டும், லாரி எந்த கியரில் மேடேற வேண்டும் என்பதும் அவர்தான் சொல்ல வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், திங்கட்கிழமைதோறும் அதிகாரிகளை உட்காரவைத்து, திட்டம் உடைந்தால் தானாக யோசிப்பது எப்படி என்று வகுப்பெடுப்பவரும் அவரேதான். வகுப்பில் கேள்வி கேட்பார். யாராவது வாயைத் திறப்பதற்குள் பதிலையும் சொல்லிவிடுவார்.

வயர்லெஸ்ஸில் இன்னும் மோசம். அந்தக் கருவியில் மைக்கின் பொத்தானை அழுத்திக்கொண்டு பேச வேண்டும். விட்டால்தான் எதிர்முனையில் இருப்பவர் பேச முடியும். பெரியவர் பேசி முடித்த பிறகும் விடமாட்டார். அடுத்து என்ன சொல்லலாம் என்று யோசித்தபடி கட்டைவிரலை அழுத்தியே வைத்திருப்பார். மூன்று அணித் தலைவர்களும் 'உஸ்' என்ற இரைச்சலைக் கேட்டுக்கொண்டு பேசாமல் நிற்பார்கள்.

போன வருஷமும் இதே பரீட்சை நடந்தது. நடுவர்கள் வேண்டுமென்றே வயர்லெஸ்ஸைக் கொஞ்ச நேரம் செயலிழக்க வைத்தார்கள். மூன்று அணிகளும் நின்ற இடத்திலேயே நிழல் பார்த்து உட்கார்ந்துவிட்டன. எதிரி சாவகாசமாகச் சுற்றிக்கொண்டு வந்து, ஒவ்வொருவனையும் தோளைத் தட்டிச் சிறைபிடித்தான். படைப்பிரிவு தேறவில்லை. பெரியவருக்கு மூக்குடைந்த மாதிரி ஆகிவிட்டது. அதற்கு அவர் என்ன செய்தார் தெரியுமா? அணிக்கு ஒரு வயர்லெஸ் இருந்ததை மூன்றாக்கினார். கோளாறு கருவியில் என்று நம்பினார், பாவம்.

இந்த வருஷம் கடைசி வாய்ப்பு. தேறினால் படைப்பிரிவு அவர் தலைமையில் ஆற்று எல்லைக்குப் போகும். தேறாவிட்டால் படையைக் கலைத்து ஆட்களை ஆளுக்கொரு பக்கம் பிரித்துப் போட்டுவிடுவார்கள். அவருக்குத் தலைமையகத்தில் மேசை நாற்காலி வாங்குகிற பிரிவில் ஓர் இடம் தயாராக இருந்தது. பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த படை அது.

செத்தவர் கூடாரம் ஒரு பழைய வாகனக் கொட்டகையை ஒட்டி இருந்தது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்த விதிப் புத்தகத்திலும் கிடையாது, ஆனால் யாரும் மீறியதில்லை. செத்தவர்களுக்குள் பதவி இல்லை. சல்யூட் இல்லை, சார் இல்லை. வயதைப் பார்த்து அண்ணே, தம்பி, அவ்வளவுதான். செத்துவிட்டோம் என்று சும்மாவும் உட்கார முடியாது. உயிரோடு இருப்பவர்களின் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்குத் தோல் சீவ வேண்டும்.

பெரியவர் நுழைந்தபோது இரண்டு ஓட்டுநர்களும் ஒரு சமையல்காரரும் மூட்டையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டுநர்கள் பழக்க தோஷத்தில் எழப் பார்த்தார்கள். சமையல்காரர் இருவரின் சட்டையையும் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"வாங்கண்ணே," என்றார். "எப்ப செத்தீங்க?"

கூடப் பிறந்த தம்பியைத் தவிர அவரை யாரும் அண்ணே என்று கூப்பிட்டது கிடையாது. பெரியவர் ஒரு நிமிஷம் திகைத்துப்போனார்.

"இப்பத்தான்."

"குண்டா, தோட்டாவா?"

"குண்டு."

"கொடுத்துவெச்சவர். நான் அடுப்பு பத்தவைக்கக் குனிஞ்சேன், அப்படியே போயிட்டேன். உக்காருங்கண்ணே. கத்தி அந்த டப்பாவுல இருக்கு. தோலை மட்டும் சீவுங்க. முன்னாடி இங்க செத்த டாக்டர் ஒருத்தர் பாதிக் கிழங்கைத் தோலோட தள்ளிட்டார்."

பெரியவர் உட்கார்ந்தார். ஒரு முக்காலியின் மேல் வயர்லெஸ் கருவி ஒன்று இருந்தது. செத்தவர்கள் நடப்பதைக் கேட்டுக்கொள்ளலாம் என்று நடுவர்கள் வைத்தது. மைக்கின் பொத்தான் மேல் பிளாஸ்திரி சுற்றி ஒட்டியிருந்தார்கள். காது உண்டு, வாய் கிடையாது.

முதல் கிழங்கைச் சீவுவதற்குள்ளேயே செய்தி வந்தது. பாலம் உடைந்துவிட்டதாக நடுவர்கள் அறிவித்துவிட்டார்கள்.

பெரியவருக்குக் கை நின்றுபோயிற்று. அவருடைய திட்டமே அந்தப் பாலம்தான். மூன்று அணிகளும் பாலத்தைக் கடந்து, இருட்டுவதற்குள் எதிர்க்கரையில் இருக்கிற நாற்சந்தியைப் பிடிக்க வேண்டும். அணி எந்த வரிசையில் ஏறும், லாரிக்கு லாரி எவ்வளவு இடைவெளி, எல்லாம் வாயால் நூறு தடவை சொல்லியிருந்தார். பாலம் இல்லாவிட்டால் என்ன என்று ஒரு தடவைகூடச் சொல்லியிருக்கவில்லை. சொல்வதற்குத்தான் அவர் இருக்கிறாரே என்ற நினைப்பு.

கருவி கரகரத்தது. துணைத் தளபதியின் குரல். பள்ளிக்கூட டீச்சர் மாதிரி நிதானமாகப் பேசுகிற பெண்மணி. பெரியவருக்கு அடுத்த பொறுப்பு அவருடையது. 'சொன்னதைச் செய்வார், தானாக எதுவும் செய்ய மாட்டார்' என்பது அவரைப் பற்றிப் பெரியவரின் அபிப்பிராயம். செய்ய எங்கே விட்டார் என்று கேட்க ஆள் இல்லை.

"எல்லா அணிக்கும். பாலம் போச்சு. வேற வழியா கடக்கணும். இரண்டாம் அணி, உங்க பக்கத்துல ஆறு எப்படி இருக்கு? எங்க இறங்கலாம்?"

இரண்டாம் அணியின் தலைவனுக்கு மீசை என்று பெயர். மீசை கிடையாது. சேர்ந்த புதிதில் ஆசையாக வளர்த்தான், பெரியவர் 'எடு' என்றார், எடுத்துவிட்டான். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

"பெரியவர் என்ன சொல்றார் மேடம்?" என்றான் மீசை.

"அவர் இப்பப் பேச முடியாது. நான் கேக்கறேன்."

"சரிங்க மேடம். அவர் வந்ததும் கேட்டுச் சொல்லுங்க. நாங்க காத்திருக்கோம்."

முதல் அணியும் அதையே சொன்னது. மூன்றாம் அணியும் அதையே சொன்னது. தளபதி செத்துவிட்டார் என்று வெளிப்படையாகச் சொல்லவும் வழியில்லை. நீலத் துணிக்காரர்களும் இதே அலைவரிசையில் காதை வைத்துக்கொண்டிருப்பார்கள்; அணிகளின் சின்னக் கருவி பேசுவது அக்கரைவரை எட்டாது, கட்டளைக் கூடாரத்தின் பெரிய கருவி எட்டும்.

"காத்திருக்காங்களாம்," என்றார் சமையல்காரர். "போன வருஷம் மாதிரியே."

பெரியவர் பிளாஸ்திரி ஒட்டிய மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு வார்த்தை. 'மேடம் சொல்றதைக் கேளுங்கடா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையை நேற்றே சொல்லியிருக்கலாம், போன வருஷமே சொல்லியிருக்கலாம். கனைத்துக்கொண்டார்.

வயர்லெஸ்ஸும் கனைத்தது.

"கவனமா கேளு," என்றது கருவி. "நான் பேசறேன். புரியுதா, புரியலையா?"

அது பெரியவரின் குரல். சந்தேகமே வேண்டாம், அதே கனைப்பு, அதே 'புரியுதா, புரியலையா'. பேசி முடித்ததும் பொத்தானை விடாததால் வரும் 'உஸ்' என்ற இரைச்சல்கூட அப்படியே வந்தது.

ஓட்டுநர் இருவரும் கருவியைப் பார்த்தார்கள், பெரியவரைப் பார்த்தார்கள், மறுபடி கருவியைப் பார்த்தார்கள்.

"அண்ணே," என்றார் சமையல்காரர், "நீங்க இங்கதான இருக்கீங்க?"

பெரியவருக்கு யார் என்று புரிந்துவிட்டது. கிளி. கட்டளைக் கூடாரத்தில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வயர்லெஸ்ஸைப் பார்த்துக்கொள்கிற சிப்பாய். யார் குரலையும் அப்படியே எடுப்பான் என்று கேள்விப்பட்டிருக்கிறார். அவருடைய குரலையும் எடுப்பான் என்பது ஊருக்கே தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. அணிகளை நகர்த்த வேறு வழி தெரியாமல் துணைத் தளபதி கிளியைப் பேசவிட்டிருக்கிறார்.

"அவன் தோலை உரிக்கறேன்," என்றார் பெரியவர்.

"முதல்ல இதை உரிங்க," என்று ஒரு கிழங்கை அவர் கையில் திணித்தார் சமையல்காரர்.

கருவி தொடர்ந்தது. "பாலம் போச்சு. இரண்டாம் அணி, ஆத்துப் பக்கம் நீதான் இருக்கே. எங்க இறங்கலாம்? நீ என்ன நினைக்கிறே?"

'டக்' என்று பொத்தானை விட்ட சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு வயர்லெஸ்ஸில் ஒரு சத்தமும் இல்லை. பெரியவர் ஒரு முழுக் கிழங்கைச் சீவி வாளியில் போட்டார். சமையல்காரர் இன்னொன்றை எடுத்தார். அப்போதும் இல்லை. ஓட்டுநர்களில் ஒருவன் கருவியைத் தட்டிப் பார்த்தான். கருவியில் ஒரு கோளாறும் இல்லை.

பிறகு மீசையின் குரல் வந்தது. மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக.

"கீழ் வளைவுல ஆறு அகலமா இருக்கு... ஆனா ஆழம் இல்ல. நேத்து மாடுங்க நடந்து போனதைப் பார்த்தேன். லாரியை இறக்க முடியாது, அக்கரை சேறு. லாரியை இங்கயே விட்டுட்டு, கையில எடுத்துட்டுப் போற சாமான் மட்டும் எடுத்துட்டு நடந்தா, வெயில் சாயறதுக்குள்ள அக்கரையில இருப்போம். முதல் அணி பாலத்தடியில சத்தம் போட்டுக்கிட்டு இருந்தா எதிரி அந்தப் பக்கமே பார்த்துக்கிட்டு இருப்பான்."

மீசை இவ்வளவு நீளமாகப் பேசிப் பெரியவர் கேட்டதே இல்லை. கேட்டதே இல்லையா? நேற்று ஆற்றங்கரையில் இருவரும் சேர்ந்துதான் நின்றார்கள். 'சார், அந்தக் கீழ் வளைவுல' என்று மீசை ஆரம்பித்தான். 'அதெல்லாம் அப்புறம், முதல்ல பாலத்தைப் பாரு' என்றார் இவர். அப்புறம் வரவே இல்லை. பெரியவருக்கு வெட்கமாகப் போயிற்று. பக்கத்தில் யாரும் கவனிக்காத மாதிரி குனிந்து இன்னொரு கிழங்கை எடுத்துக்கொண்டார்.

"அப்ப அப்படியே செய்," என்றது அவருடைய குரல். "இருட்டறதுக்குள்ள சந்தி நம்ம கையில இருக்கணும். எப்படிங்கறதை நீங்க மூணு பேரும் பேசி முடிவு பண்ணிக்கங்க. இனிமே வயர்லெஸ் வேண்டாம், எதிரி கேப்பான். அவசரம்னா மட்டும் கூப்பிடு."

மறுபடி 'டக்'. அதோடு கருவி ஊமையாகிவிட்டது.

இனிமேல்தான் பெரியவருக்கு உண்மையான சாவு. என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருப்பது அவருக்குப் பழக்கமில்லாத விஷயம். மத்தியான வெயிலில் கூடாரம் கொதித்தது. எழுந்து வாசல்வரை போனார், வந்தார். நேற்று வீட்டுக்குப் போன் பேசியது நினைவுக்கு வந்தது. மகளுக்கு இரண்டு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. 'எதுல சேரணும்னு அவளைக் கேளு' என்று மனைவியிடம் சொன்னவர், அதே மூச்சில் 'ரெண்டாவதுலயே சேரட்டும்' என்றும் சொல்லிவிட்டார். 'கேக்கவும் சொல்றீங்க, பதிலும் நீங்களே சொல்லிடறீங்க. நடுவுல நான் என்ன, வயர்லெஸ்ஸா?' என்றாள் அவள். அப்போது சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டார். இப்போது சிரிப்பு வரவில்லை.

வெயில் இறங்க ஆரம்பித்த நேரத்தில் தலைமை நடுவர் வந்தார். ஓய்வுக்கு நெருங்கிவிட்ட மனிதர், அதிகம் பேச மாட்டார். கவிழ்த்துப் போட்ட பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து, வாளியில் இருந்த கிழங்குகளை ஒரு பார்வை பார்த்தார்.

"நல்லா சீவறீங்க."

"சொல்லுங்க, என்ன விஷயம்?"

"நீங்க உள்ள இருக்கீங்க, உங்க குரல் வெளிய சுத்துது. செத்தவர் பேசக் கூடாதுங்கறது விதி. நீங்க பேசலைன்னு எனக்குத் தெரியும், பேசினது யாருன்னும் தெரியும். ஒண்ணு மட்டும் உங்ககிட்ட கேக்கணும். அது எதிரியை ஏமாத்தவா? தளபதி உயிரோட இருக்கார்னு எதிரி நம்பணும்னு முன்னாடியே பேசி வெச்சதுன்னா, கெட்டிக்காரத்தனம்னு எழுதுவேன். தாராளமா மார்க் போடுவேன்."

"இல்லேன்னா?"

"உங்க அணித் தலைவர்களை நகர்த்தறதுக்காகன்னா, ஒரு ஆள் குரல் இல்லாம நகராத படைன்னு எழுதணும். போன வருஷம் எழுதினதும் கிட்டத்தட்ட அதுதான்."

சமையல்காரர் கத்தியை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்தார். ஓட்டுநர்களின் முகத்தில் ஈயாடவில்லை. ஆமாம், எதிரியை ஏமாற்றத்தான் என்று ஒரு வார்த்தை. அது பெரிய பொய்கூட இல்லை. எதிரியும் ஏமாந்துதான் இருப்பான். அந்த ஒரு வார்த்தையில் படையும் கலையாது, எல்லையும் கிடைக்கும், மேசை நாற்காலிப் பிரிவுக்கு வேறு யாராவது போவார்கள். பெரியவருக்கு அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

வந்ததை மென்று விழுங்கினார்.

"எங்க ஆளுங்களை நகர்த்தறதுக்குத்தான்," என்றார். "நான் சொல்லாம நகர மாட்டாங்க. அப்படித்தான் பழக்கிவெச்சிருக்கேன்."

"இதைச் சொன்னா என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும். எல்லையில நிஜமாவே என் மேல ஒரு குண்டு விழுந்தா, கிளியும் என் பக்கத்துலதான உக்காந்திருப்பான்? அவனும் போயிடுவான். அப்புறம் யார் குரல்ல பேசுவாங்க? மூணு அணியும் மரத்தடியில நிக்கும். அப்படி ஒரு படையை அனுப்பாதீங்க."

தலைமை நடுவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டு எழுந்து போனார்.

"டீ போடட்டுமாண்ணே?" என்று கேட்டார் சமையல்காரர். அந்த அண்ணே இப்போது உறுத்தவில்லை.

இருட்டுவதற்குச் சற்று முன்னால் செய்தி வந்தது. நாற்சந்தி கையில். நீலத் துணிக்காரர்கள் கடைசிவரை பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ஓட்டுநர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். பெரியவரும் சிரித்தார். ஆனால் தன் வாயால் எழுதவைத்த அந்த வரி உள்ளே முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

பரீட்சை முடிந்தால் எல்லாரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து, நடந்ததை முதலிலிருந்து பேசுவது வழக்கம். வாகனக் கொட்டகையில் பெஞ்சு போட்டிருந்தார்கள். வெள்ளைத் துணி அவிழ்ந்து, சமையல்காரர் மறுபடி சமையல்காரராகவும் பெரியவர் மறுபடி பெரியவராகவும் ஆகியிருந்தார்கள். மீசையின் அணிக்கு இடுப்புவரை சேறு. கிளி கடைசிப் பெஞ்சில், ஒரு தூணுக்குப் பின்னால், ஆள் இருப்பதே தெரியாமல் உட்கார்ந்திருந்தான். துணைத் தளபதி மட்டும் முதல் வரிசையில் நேராக உட்கார்ந்திருந்தார். வருவது வரட்டும் என்கிற முகம்.

தலைமை நடுவர் சுற்றி வளைக்கவில்லை. "இரண்டாம் அணித் தலைவர் எழுந்திரிங்க. ஆத்துல இறங்கினது யார் உத்தரவுல?"

மீசை எழுந்தான். பெரியவரைப் பார்த்தான், துணைத் தளபதியைப் பார்த்தான், தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டான்.

"மேடம் உத்தரவுல சார்."

"வயர்லெஸ்ஸில வந்தது தளபதி குரல்."

"ஆமாம் சார். அது கிளி."

தூணுக்குப் பின்னால் கிளி இன்னும் சிறுத்தான்.

"அது அவன்தான்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அப்பவே தெரியும் சார்."

"அப்பவேன்னா? குரல் பிசகிச்சா?"

"குரல் பிசகவே இல்ல சார். அப்படியே பெரியவர்... தளபதி சார்தான்." மீசை எச்சில் விழுங்கினான். "'நீ என்ன நினைக்கிறே'ன்னு கேட்டான் சார். அதுல தெரிஞ்சுபோச்சு."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. அப்புறம் எங்கேயோ பின்னாலிருந்து சமையல்காரர் குபுக்கென்று சிரித்துவிட்டார். அதைக் கேட்டு ஓட்டுநர்கள் சிரித்தார்கள். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. பெரியவரின் முகம் சிவந்துவிட்டது, ஆனால் அவர் யாரையும் நிறுத்தச் சொல்லவில்லை.

தலைமை நடுவர் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்தார். "தெரிஞ்சும் ஏன் போனீங்க? முன்னாடி மேடம் இதையேதான் கேட்டாங்க, பதில் சொல்லலையே."

"மேடம் கேட்டப்போ தளபதி சார் பக்கத்துல இருக்கார்னு நினைச்சேன் சார். அவர்கிட்ட ஒரு பதில் தயாரா இருக்கும். நாம வேற ஒண்ணைச் சொல்லி எதுக்கு வாங்கிக் கட்டிக்கணும்னு இருந்துட்டேன். அப்புறம் கிளி பேசினான். சார் பக்கத்துல இருந்தா அவனுக்கு அந்தத் தைரியம் வராது. அப்ப சார் இல்ல, போயிட்டார்னு புரிஞ்சுது." மீசை நிமிர்ந்தான். "அவர் இல்லேன்னா நாமதான பார்த்துக்கணும்? மத்த ரெண்டு பேர்கிட்டயும் ஆளை அனுப்பிச் சொன்னேன். அவங்களும் சரின்னுட்டாங்க."

தலைமை நடுவர் அட்டையைப் பார்த்தார், பேனாவை எடுத்தார். "மத்தியானம் நான் எழுதினதைத் திருத்தணும்," என்று சொல்லிவிட்டு ஒரு கோடு இழுத்தார். "படைப்பிரிவு தேறிடுச்சு."

கொட்டகையே எழுந்து நின்றது. பெரியவருக்கு நெஞ்சு நிறைந்து வந்தது. அதே நேரத்தில் ஓரமாக ஒரு வலியும் இருந்தது. அவர் செத்தார் என்று தெரிந்த நிமிஷத்தில்தான் அவருடைய பிள்ளைகள் எழுந்து நடந்திருக்கிறார்கள். அவர் நேராகத் துணைத் தளபதியிடம் போய், "நீங்க இல்லேன்னா இன்னைக்கு அவ்வளவுதான்," என்றார். இருவரும் கொஞ்ச நேரம் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் காலை படைப்பிரிவு முகாமுக்குத் திரும்பியது. முன்னால் மீசையின் அணி, நடுவில் பெரியவரின் ஜீப். ஜீப்பின் பின் இருக்கையில் வயர்லெஸ்ஸும் கிளியும். கிளி நேற்றிலிருந்து வாயே திறக்கவில்லை. தோல் உரிபடும் நேரத்துக்காகக் காத்திருந்தான். பெரியவரும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

பாதி வழியில் வரிசை நின்றது. கருவியில் மீசை வந்தான்.

"சார், முன்னால ஒரு செங்கல் லாரி கவுந்து கிடக்கு. ரோடு முழுக்க அடைஞ்சிருக்கு. என்ன செய்யட்டும்?"

கிளி மைக்கை முன்னால் நீட்டினான். பெரியவர் வாங்கிக் கனைத்துக்கொண்டார். கட்டைவிரல் தானாகப் பொத்தானில் போய் உட்கார்ந்தது. இரண்டு பேரை இறக்கி ஓட்டுநரைப் பாரு, பத்துப் பேரை விட்டுச் செங்கல்லை ஒதுக்கு, மிச்ச வண்டியைப் பின்னால் எடு. எல்லாம் வரிசையாக நாக்கில் வந்து நின்றது. பெரியவர் ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தார்.

"நீ அங்க இருக்கே," என்றார். "நீ என்ன நினைக்கிறே?"

விரலை எடுத்தார். பதில் உடனே வந்தது.

"டேய் கிளி, போதும்டா. பெரியவர் பக்கத்துல இருந்து கேட்டுடப் போறார், தோலை உரிச்சிடுவார். நிஜமாவே ரோடு அடைஞ்சிருக்குடா, மைக்கை அவர்கிட்ட குடு."

"சார், நான் வாயையே திறக்கல," என்றான் பின் இருக்கையிலிருந்து கிளி, அழாத குறையாக. ஓட்டுநர் காதே கேட்காதவர் மாதிரி நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய குரலில் ஒரு அதட்டல் போட்டால் போதும், யார் பேசுவது என்று மீசைக்கு உடனே தெரிந்துவிடும். பெரியவருக்கு அது நன்றாகத் தெரியும். அவர் அதட்டவில்லை.

"கிளி இல்லப்பா," என்றார். "நான்தான்."

கருவியில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"...சார்?"

"நான்தான். உயிரோடதான் இருக்கேன். சொல்லு, நீ என்ன நினைக்கிறே?"

பெரியவர் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். மறுபடி போய் உட்கார்ந்துவிடப் போகிறதே என்று மைக்கை இடது கைக்கு மாற்றி மடியில் வைத்துக்கொண்டார். பதில் வர நேரமாயிற்று. அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி, ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார்.